விமான டிக்கெட் வேண்டாம், மச்சான்!

‘நிதானம்’ பாய்மரப் படகு,
ஜார்ஜ் டவுன் துறை, பஹாமாஸ்,
பிப்ரவரி 19

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஹார்லன் அவர்களுக்கு,

லார்ன் பணிவன்புடன் எழுதுவது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை வெர்னாவும் சௌக்கியம். படகும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே நோவா ஸ்கோஷியாவில் வாசல் பனியை வழித்துத் தள்ளும்போது தங்கள் இடுப்பு ஒத்துழைக்கிறது என்று நம்புகிறேன்.

நிற்க. ‘இன்னும் ஒரே ஒரு தடவை நங்கூரம் பிடி விட்டுப் படகு நகர்ந்தால், நான் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிடுவேன்’ என்று வெர்னா தங்களிடம் போனில் சொன்னதாகவும், தாங்களும் உடனே டிக்கெட் எடுக்கத் தயாரானதாகவும் அறிந்தேன். அதற்கு அவசியமே இல்லை. போன தீவில் நடந்தது சின்ன விஷயம். ஃப்ளோரிடாவிலிருந்து எங்களோடு கூடவே வரும் பர்ட்டின் படகில் எங்கள் படகு லேசாக உரசியது, அவ்வளவுதான். பர்ட் மோதியது என்பான். அவன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

இங்கே வந்ததும் நான் மிகக் கவனமாகவே நங்கூரம் போட்டேன். புதுப் படகு வந்து நங்கூரம் போட்டால், மற்ற படகுக்காரர்கள் கையில் கிளாஸோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பது இங்கே வழக்கம். அத்தனை பேர் முன்னால் வெர்னா, "இன்னும் சங்கிலி விடு லார்ன், இது பத்தாது!" என்று கத்தினாள். நான் முப்பது வருஷம் பஸ் டிப்போவை நடத்தினவன். வண்டியை எங்கே எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாதா? "போதும்" என்றேன். போதும் என்றால் போதும்தான்.

மறுநாள் மத்தியானம் கரை மணலில் எல்லோரும் கூடியிருந்தோம். அவரவர் கிளாஸ், ஆளுக்கொரு தட்டு பலகாரம். வெர்னா ரொட்டி சுட வேண்டும் என்று படகிலேயே இருந்துவிட்டாள். ஒஹாயோவிலிருந்து புதிதாக வந்த தம்பதி நங்கூரத்தைப் பற்றி ஏதோ சந்தேகம் கேட்க, நான் எழுந்து நின்று விளக்க ஆரம்பித்தேன். என்ன கவனம் மச்சான்! ஒருத்தர்கூட கண்ணைச் சிமிட்டவில்லை. எல்லாரும் என் தோளுக்கு மேலாகவே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பேச்சில் மயங்கிட்டாங்கன்னு நினைச்சு நான் இன்னும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். கடைசியில் பர்ட், சங்குச் சதையில் சுட்ட வடையை மென்னுக்கிட்டே, "லார்ன், நீ சொல்றதெல்லாம் சரிதான்ப்பா. ஆனா உன் படகு போய்க்கிட்டிருக்கே!"ன்னான்.

திரும்பிப் பார்த்தால், நிதானம் நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேரே பர்ட்டின் படகை நோக்கி. நான் கரையில் நின்று கத்தினேன். யார் கேட்டா? வெர்னா கை நிறைய மாவோடு மேலே ஓடி வந்தாள், எஞ்சினைப் போட்டாள், நங்கூரத்தைத் தூக்கினாள், படகை வளைத்துக் கொண்டுபோய் நல்ல மணலாகப் பார்த்து நங்கூரத்தை இறக்கி, சங்கிலியைத் தாராளமாக விட்டு நிறுத்தினாள். ஒத்தை ஆளா! கரையில் எல்லாரும் எழுந்து கை தட்டினாங்க. நானும் தட்டினேன், தட்டாம இருந்தா நல்லா இருக்காதே.

படகுக்குப் போனதும் அவள் கையைப் பிடிச்சுக்கிட்டு, மனசு விட்டுப் பேசினேன். "வெர்னா, உனக்குத்தான் இதெல்லாம் வருது, எனக்கு வரலை. ஒவ்வொரு தடவை நங்கூரம் போடும்போதும் சாமியைத்தான் கும்பிட்டுக்கிறேன். நீ போயிட்டா இந்தப் படகை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? இருந்திடு. இனிமே நீயே போடு. ஆனா பர்ட்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம், நான் போட்ட மாதிரியே இருக்கட்டும். அவன் கலக்குற ரம்மே எஞ்சின் கழுவின தண்ணி மாதிரி இருக்கு, அவன் வாயில விழணுமா நான்?" என்று நாற்பது நிமிஷம்.

அப்போது படகின் பக்கவாட்டில் யாரோ தட்டினார்கள். பர்ட், சின்னப் படகில்.

"லார்ன், கொஞ்சம் எழுந்திரு."

"ஏன்?"

"நீ உட்கார்ந்திருக்கிறது ரேடியோ மைக் மேல. பொத்தான் அழுந்திக் கிடக்கு. துறையில இருக்கிற அத்தனை படகும் கேட்டுக்கிட்டிருக்கு. செல்மா அழுதே விட்டா."

செல்மா தினமும் காலை எட்டு மணிக்கு ரேடியோவில் படகுகளைப் பெயர் சொல்லி அழைத்து வருகைப் பதிவு எடுப்பவர். இன்று காலை கணீரென்று, "நிதானம், கேப்டன் வெர்னா, வணக்கம்!" என்றார். வெர்னா சிரித்த சிரிப்பு! எத்தனை வருஷமாச்சு மச்சான் அவள் அப்படிச் சிரிச்சு!

ஆகவே தாங்கள் கவலையை விடுங்கள். அவள் எங்கேயும் போகப் போவதில்லை. டிக்கெட் வேண்டவே வேண்டாம். வெர்னாவின் அண்ணிக்கு என் வணக்கம். தங்கள் இடுப்புக்கு என் பிரார்த்தனை.

என்றும் அன்புள்ள,
லார்ன்
(கேப்டன்) ← இதைக் கோடு போட்டு அடித்தது வெர்னா

பின்குறிப்பு: கடிதத்தை வெர்னா படித்துவிட்டாள். டிக்கெட்டை அனுப்பச் சொல்கிறாள். என் பெயருக்கு. அடுத்த தீவு வரை பெண்கள் மட்டும் போகிறார்களாம், நம் படகுதான் முன்னால் போகிறதாம். "இருவழி டிக்கெட்டுதானே?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். தாங்கள் இருவழியாகவே எடுத்துவிடுங்கள் மச்சான், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.