ஆஸ்திரேலியாவும் செவலைப் பசுவும்

விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர், வாணியம்பாடிக்கு அந்தாண்டை எந்த ஊரையும் காணாதவர். ஆனால் ஆஸ்திரேலியாவைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்த மனிதர் இந்த உலகத்திலேயே கிடையாது. ஆஸ்திரேலியாக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜவ்வாது மலைமேல் நான் கிளார்க்காக இருந்த காட்டிலாகா ஆபீஸில் அவர் வாட்சர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி அவர் 'ஆஸ்திரேலியா'தான். "ஆஸ்திரேலியா எங்கய்யா?" என்று ரேஞ்சர் கேட்டால், "டீ குடிக்கப் போயிருக்குங்க" என்று பதில் வரும்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாயின் பழைய பேப்பர் கடையில், பக்கோடா பொட்டலமாகப் போகவிருந்ததை இவர் மீட்டு வந்தார். வெள்ளைக்காரன் காலத்து ஆஸ்திரேலியாவில் குதிரையும் துப்பாக்கியுமாகத் திரிந்த காட்டுக் கொள்ளையர்களைப் பற்றியது. அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கம் இல்லை, கடைசியில் எத்தனை பக்கம் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மிச்சமிருந்ததை மனப்பாடம் செய்துவிட்டார்.

கொள்ளையர்கள் எதைக் கொள்ளையடித்தார்கள் என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. ஏன் காட்டுக்குப் போனார்கள் என்பதுதான் அவருடைய கவலை. டீக்கடை பெஞ்சில் யார் சிக்கினாலும் வகுப்பு தொடங்கிவிடும்.

"மொதல்ல போனவங்க கைதிங்க சார். சின்னத் திருட்டுக்கெல்லாம் கப்பல்ல ஏத்தி அங்க எறக்குனாங்க. சவுக்கடி, பட்டினி. ஓடாம இன்னா பண்ணுவான்?"

"சரிண்ணா. அப்புறம்?"

"அப்புறம் போனது ஏழை விவசாயிங்க புள்ளைங்க. நல்ல நெலம் பூரா பெரிய பண்ணைக்காரன்கிட்ட. இவனுக்குக் கல்லுக்காடு. இவன் மாடு வேலி தாண்டிச்சுன்னா புடிச்சு அடைச்சிருவான். மீட்கப் போனா திருடன்னு கேசு. ஒரு கேசு வந்துச்சுன்னா, ஊர்ல இன்னா காணாமப் போனாலும் போலீசு இவன் வூட்டுக்குத்தான் வரும். எத்தினி நாளைக்குத் தாங்குவான் சார்?"

"தங்கத்துக்கு ஆசைப்பட்டு யாரும் போகலையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

முகத்தைச் சுளித்தார். "அப்படியும் போனாங்க. குதிரை மேல ஷோக்கா சுத்தலாம்னு போன பசங்களும் உண்டு. அவங்களுக்கு நான் பொறுப்பில்ல சார்."

மற்றவர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

புத்தகம் வேலையிலும் புகுந்தது. விறகு வெட்டி வருகிறவர்களைப் பிடித்தால், 'எவ்வளவு வெட்டினாய்' என்று கேட்கமாட்டார். 'ஏன் வெட்டினாய்' என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார். ஒரு அம்மாள் காலையில் தொடங்கி மதியம் வரை காரணம் சொல்லிப் பார்த்துவிட்டு, "வெறகை நீயே வச்சுக்கப்பா, என்னைப் போக வுடு" என்று கும்பிட்டாள்.

ஆபீஸுக்குப் பின்னால் ஒரு பவுண்டு இருந்தது. புதிதாகக் கன்று நட்ட இடத்தில் மேயும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் வேலி. அதற்குக் காவல் ஆஸ்திரேலியா. ஒருநாள், சாமை விதைக்கும் கோவிந்தன் என்பவனின் செவலைப் பசு அதில் வந்து சேர்ந்தது. மறுநாள் பட்டப்பகலில், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கோவிந்தன் வந்து வேலி வாசலில் குறுக்கே போட்டிருந்த கட்டையைத் தூக்கிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவனைப் பொறுத்தவரை அதில் தப்பே இல்லை. "எம் மாட்டை நானே எப்படித் திருடுவேன்?" என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே போயிருக்கிறான். அதனால் சாட்சிக்குப் பஞ்சமில்லை.

ரேஞ்சர் குதித்தார். கேஸ் என்றார், போலீஸ் என்றார். விஷயம் காதில் விழுந்ததும் கோவிந்தன் மாட்டோடு காட்டுக்குள் போய்விட்டான்.

ஆஸ்திரேலியா புத்தகமும் கையுமாக என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "அதே மாடு, அதே வேலி. இங்கயும் ஆரம்பிச்சிடுச்சு சார்."

கோவிந்தனின் தலைமறைவு வாழ்க்கையில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது செல்போன் சிக்னல் ஒரே ஒரு பாறை மேல்தான் கிடைக்கும். ரேஞ்சர் மேலதிகாரியிடம் பேசவும் அதே பாறை. ஆலங்காயத்தில் தாய்வீட்டில் பிரசவத்துக்குப் போயிருந்த பெண்டாட்டியிடம் கோவிந்தன் பேசவும் அதே பாறை. ஒருநாள் தன்னைப் பிடிப்பது பற்றி ரேஞ்சர் பேசி முடிக்கும்வரை, புதருக்குப் பின்னால் மாட்டின் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறான். கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆஸ்திரேலியா சிரிக்கவில்லை. கேஸ் பதிவாகிவிட்டால் அவன் ஜெயிலில் இருக்கும்போதுதான் குழந்தை பிறக்கும்.

அன்று சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பாறைக்குப் போனார். கோவிந்தன் அங்கேதான் இருந்தான்.

"கோயிந்தா, வந்துடுடா."

"வந்தா ஜெயில்ல போட்ருவாங்கணா. எம் மாடுணா அது."

"அங்கயும் அவனுங்க மாடுதான்டா! இன்னிக்கு மாட்டுக்காக ஓடுவ. நாளைக்குப் பசிக்கு ஒரு கோழி எடுப்ப. அப்புறம் நீயே திரும்பி வர்றேன்னாலும் வுட மாட்டானுங்க."

"எங்கிட்டத் துப்பாக்கிகூட இல்லையேணா," என்றான் கோவிந்தன் பரிதாபமாக.

"காலைல மாட்டை ஓட்டிக்கினு ஆபீசுக்கு வா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

காலையில் ரேஞ்சர் மேஜைமேல் ஆஸ்திரேலியா எழுதிய கடிதம் இருந்தது. நான்தான் உரக்கப் படித்தேன். 'மேற்படி பசுவை அடைத்தபின் கட்டையைச் சரியாகப் போடாதது என் குற்றம். பசு தானாகவே வெளியேறித் தலைமறைவாகிவிட்டது. அதைத் தேடிப் பிடித்து இன்று ஆஜர்படுத்துபவர் கோவிந்தன்.'

"யோவ், மாடு தலைமறைவாச்சா?"

"ஆமாங்கய்யா."

"அவன் ஓட்டிக்கிட்டுப் போனதைப் பத்துப் பேர் பாத்திருக்கான்யா!"

"மாட்டுக்குப் பின்னால போனதைத்தான் பாத்தாங்கய்யா. தேடிக்கினு போயிருப்பான்."

ரேஞ்சர் குரலைத் தாழ்த்தினார். "இதை வாங்கினா உனக்கு மெமோ வரும். ஃபாரஸ்ட் கார்டு புரமோஷன் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியுங்கய்யா."

வெளியே பசு ஒருமுறை கத்தியது. ரேஞ்சர் வாசலில் நின்ற கோவிந்தனைப் பார்த்தார், ஆஸ்திரேலியாவைப் பார்த்தார், பேனாவைத் தேடினார். அவரும் மனுஷர்தானே.

கோவிந்தன் எச்சரிக்கையோடு தப்பினான். பத்து நாளில் பெண் குழந்தை பிறந்தது. மெமோவும் பிறந்தது. ஆஸ்திரேலியா வாட்சராகச் சேர்ந்து வாட்சராகவே ரிட்டயரானார்.

போன மாதம் மலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். இப்போது வீட்டுக்குள்ளேயே சிக்னல் கிடைக்கிறது. கோவிந்தன் வீட்டிலிருந்து தினமும் வரும் பாலில் டீ போட்டுக் கொடுத்தார். புத்தகம் ஒரு துணிப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

"உங்க போன்ல எல்லாம் வருமாமே சார்? அவங்க கடைசியில இன்னா ஆனாங்கன்னு பாருங்களேன். நம்ம புத்தகத்துல அந்தப் பக்கந்தான் இல்லாமப் போச்சு."

தேடிப் பார்த்தேன். சுடப்பட்டார், தூக்கிலிடப்பட்டார், சுடப்பட்டார் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்தால், டம்ளரைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

"நெறைய பேர் மாட்டை ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய்ட்டாங்களாம்ண்ணா."

"அப்படிச் சொல்லுங்க!" என்று முகமெல்லாம் மலர்ந்து ஒரு வாய் டீ குடித்தார். அந்த மனுஷரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.