மேடைக்கு முதுகு

ஹைதராபாத்திலேயே அதிகமான நாடகங்களுக்குப் போய், அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காத ஒரே மனிதர் முதுகு சார்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்.

எழுபதுகளில் அவர் மாநிலக் கலை மன்றத்தில் அதிகாரி. தெலுங்கோ உருதுவோ தமிழோ, எந்தக் குழு ஆதரவு கேட்டாலும் இவரைத்தான் பார்த்துவரச் சொல்வார்கள். தார்நாகாவிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நாற்காலியை மேடைக்கு முதுகாகத் திருப்பிப் போட்டு, ஜனங்களைப் பார்த்து உட்காருவார். மேடையில் ராஜாவே செத்தாலும் திரும்ப மாட்டார்.

"ஏன் சார் இப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கைக்குப்பா," என்றார் தன் ஹைதராபாத் உருதுவில், "எதுக்கு மேடையைப் பார்க்கணும்? அங்க எல்லாரும் நடிக்கிறாங்க. கடலை விக்கிறவன் யாவாரத்தை விட்டுட்டு நிக்கிறானா, அதைப் பார்க்கணும்."

செகந்திராபாத் ரயில்வே காலனியில் எங்கள் நாடகக் குழுவுக்கு அப்போது தலைபோகிற பிரச்சினை. ஒத்திகை பார்க்கும் கூடத்தை இரும்புச் சாமான் போடும் கிடங்காக்கப் போவதாகப் பேச்சு. மன்றத்தின் அங்கீகாரம் கிடைத்தால் கூடம் தப்பும்.

எங்கள் டைரக்டர் ஃபிட்டர் அந்தோணி அண்ணன் யோசித்தார். சார் ஜனங்களைத்தானே பார்ப்பார்? ஜனங்களுக்கே ஒத்திகை வைத்துவிட்டார்!

"நான் மேடை ஓரமா நின்னு துண்டை உதறினா சிரிக்கணும். கைக்குட்டையால முகம் துடைச்சா அழணும். புரிஞ்சுதா?"

ஒரு வாரம் காலனியே அழுது பழகியது.

நாடகம் நடந்ததோ மே மாதம். மேடையில் காமெடியன் வேட்டி நழுவ ஓடிக்கொண்டிருந்தான். அந்தோணி அண்ணனுக்கு வியர்வை ஊற்றியது. பாவம், தன்னை மறந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்து விசும்பினார்கள். அண்ணன் பதறினார், பதற்றத்தில் இன்னும் வியர்த்தது, இன்னும் துடைத்தார். மொத்தக் காலனியும் ஓவென்று அழுதது.

முதுகு சார் எழுந்து முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவிடம் போனார். "ஏம்மா அழறீங்க?"

"அண்ணன் துடைச்சிக்கிட்டே இருக்காரே சார், நாங்க எப்படி நிறுத்துறது?"

சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது வரிசை வரிசையாகப் பரவியது. மேடையில் காமெடியனும் சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்தே விட்டான். கதாநாயகி வேஷத்தில் நின்ற எனக்கு மட்டும், கூடம் போச்சே என்று கண்மை கரைந்தது.

அந்தோணி அண்ணன் கைகட்டி நின்றார். "தப்புதான் சார்..."

"நக்கோப்பா, அதெல்லாம் வேணாம். எத்தனையோ குழுவுக்கு ஜனமே வர்றதில்ல. உங்களுக்காக அழுது பழக ஒரு காலனியே இருக்கு. கூடம் உங்களுக்குத்தான்னு எழுதிடறேன்."

"நாடகம் எப்படி சார் இருந்தது?"

"யாருக்குத் தெரியும்?"

கூடம் தப்பியது. அவர் ஓய்வு பெற்றபோது அவருக்காகவே ஒரு நாடகம் போட்டோம். அன்றும் பழக்கதோஷத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நாங்கள் வேஷத்தோடு கீழே இறங்கி, ஜனங்களை ஒதுங்கச் சொல்லி, அவர் முகத்துக்கு நேரே நின்று நடித்தோம். அவர் முகத்தைப் பார்த்து நடிக்க எங்களுக்கு அவ்வளவு ஆசை.

அந்தோணி அண்ணன் கையில் அன்று கைக்குட்டை இல்லை. ஆனாலும் முதுகு சார் அழுதார். கடலைக்காரர் யாவாரத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.