கள்ளி தொடாத எட்டு வாரம்

என் தம்பி அதலார்தோவின் மூத்த மகளும், தலைநகரில் முனைவர் பட்டத்துக்காகச் சப்பாத்திக்கள்ளியைப் பிழிந்து ஆராய்ந்துகொண்டிருப்பவளுமான அருமை மகள் யாதிராவுக்கு, மில்பா ஆல்தாவிலிருந்து பெரியப்பா பவுலினோ ஹுராதோ ஆசி கூறி எழுதிக்கொள்வது. நானும் உன் பெரியம்மா தெல்ஃபினாவும் குவாதலூப்பே மாதாவின் கருணையால் சுகம். உன் சுகத்தையும், உன்னைப் பாடாய்ப் படுத்தும் பேராசிரியரின் சுகத்தையும் அறிய ஆவல். என் இடது முழங்காலும் சுகம். கடிதமே அதற்காகத்தான்.

எட்டு வாரம் முடிந்தது. உன் சோதனைக்கு நம் ஊரில் பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஓடிவிட்டார்கள். நான் ஒருவன்தான் மிச்சம். "பெரியப்பா, நீங்களும் விட்டுட்டா என் பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போயிடும்" என்று நீ தொலைபேசியில் அழுதாயே, அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் மகளே, கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். கள்ளியில் வீக்கத்தை அடக்கும் சரக்கு இருக்கிறது, அதன் வழவழப்பில் கொஞ்சம், பழத்துச் சிவப்பில் கொஞ்சம், மீதி உன் வாயில் மட்டுமே நுழையும் பெயருள்ள எதிலோ என்று சொன்னாய். சரி. அதைக் குளிகையில் அடைத்துக் கொடுத்தாய். அதுவும் சரி. குளிகையின் பலனை மட்டும் அளக்க வேண்டும், அதனால் எட்டு வாரம் கள்ளியைத் தின்னக்கூடாது, உடம்பில் தடவவும் கூடாது என்றாயே, அதைப் போய், வயலெல்லாம் கள்ளியே விளையும் மில்பா ஆல்தாவில் சொல்லலாமா? கடலில் உள்ள மீனிடம் நனையாமல் இரு என்று சொல்வது மாதிரி அல்லவா இது?

முதல் வாரமே செவேரோ வீட்டுப் பேத்திக்கு ஞானஸ்நானம். பந்தியில் கள்ளிக் கூட்டு, கள்ளி போட்ட மிளகாய்க் குழம்பு, கள்ளி அரைத்த பச்சை ரொட்டி. நான் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். செவேரோ என் மகனுக்கு ஞானத் தகப்பன், முப்பது வருஷப் பழக்கம், அவன் இலேசாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் கட்டளை என்றேன். அதோடு விட்டதா? மறுநாளே எனக்கு வயிற்றில் கட்டி என்று ஊர் முழுக்கப் பேச்சு. பாவம், நல்ல ஜனங்கள், வீடு தேடி வைத்தியம் கொண்டுவந்தார்கள். ஒருத்தி கள்ளிச் சாறு, ஒருத்தி கள்ளி ஜாம், பாதிரியார் கள்ளி மாவு ரொட்டி. எல்லாம் கட்டியைக் கரைக்குமாம். வாங்கி வைத்துக்கொண்டு, தின்னவும் முடியாமல், கொட்டவும் மனம் வராமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குளியல் சோப்பிலும் கள்ளி என்று மூன்றாம் வாரம்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து வெறும் தண்ணீர்க் குளியல், பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலி. ஐந்தாம் வாரம் திருவிழாவில் எலுமிச்சை ஐஸ்கிரீம் என்று பச்சையாக ஒன்றை வாங்கி இரண்டு நக்கு நக்கிய பிறகுதான் நாக்குக்குப் புரிந்தது. துப்பினேன். அது நகராட்சி அதிகாரியின் காலணியில் விழுந்தது என் குற்றமா? நீ கொடுத்த படிவத்தில் "இரண்டு நக்கு, துப்பப்பட்டது" என்று உண்மையாக எழுதியிருக்கிறேன்.

வீட்டில்தான் பெரிய சண்டை. வீங்கிய காலில் கள்ளி மடலை வாட்டிக் கட்டுவது உன் பெரியம்மாவின் வேலை. வேண்டாம் என்றதும், "இத்தன வருஷம் இல்லாத விஷம் இப்பத்தான் என் கையில ஊறிச்சாக்கும்" என்று இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் மனம் இரங்கி, என் குளிகைப் பெட்டி, எண் பதினேழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மாத்திரை என்றாலே எனக்குத் தொண்டை அடைக்கும், உனக்குத் தெரியாதா? காலையும் மாலையும் நான் கண்ணை இறுக மூடி வாயைத் திறப்பேன், அவள் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். ஒரு வேளை தவறியதில்லை.

பலன்? முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் கிளட்ச் மிதித்த முழங்கால், பூசணி மாதிரி இருந்தது, வடிந்துவிட்டது. நேற்று கோயில் படி அத்தனையும் ஏறி இறங்கினேன். யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று உன் ஏட்டுக்குத்தான் தெரியும் என்றாய். ஏட்டைப் பிரிக்கவே வேண்டாம், என் காலைப் பார்த்தால் போதும். உன் மருந்து ஜெயித்தது என்று பேராசிரியரிடம் என் பெயரைச் சொல்லியே சொல். எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா? படிவத்தின் அடியில் வீட்டுச் சாட்சியின் கையெழுத்து மட்டும் பாக்கி. அதையும் வாங்கி இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

நீ பட்டம் வாங்கி, நல்லபடி சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நூறு வயது வாழ வேண்டும். பேராசிரியருக்கு என் மரியாதை.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
பவுலினோ

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பாதே. சாட்சிக் கையெழுத்துக்கு உன் பெரியம்மாவிடம் பேனாவை நீட்டினேன். வாங்கிப் படிவத்தைப் படித்துவிட்டுக் கீழே வைத்தாள். "பொய்க்குச் சாட்சி போடமாட்டேன். அந்தக் குளிகை ஒண்ணுகூட உங்க வயித்துக்குள்ள போகலை" என்றாள். நான் எட்டு வாரம் விழுங்கியது சோள மாவை உருட்டிக் காயவைத்த உருண்டையாம். குளிகையெல்லாம் அவள் விழுங்கியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருப்பேன், அதற்குள் கையை என் முன்னால் நீட்டி, விரல்களை மெல்ல மடக்கிக் காட்டினாள். "பத்து வருஷமா இது மடங்கலை. சந்தையில முள்ளு சீவுற கத்திய மணிக்கட்டோட துணியால கட்டிக்கிட்டுத்தான் சீவுனேன். உங்க காலை ஊரே விசாரிச்சுது. என் கைய யாரும் கேக்கலை, நானும் சொல்லலை" என்றாள். தினமும் அந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டது மகளே, நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

பதினேழை அடித்துவிடு. என் கால் எப்படி வடிந்தது என்று மாதாவுக்கே வெளிச்சம். உன் பட்டம் தள்ளிப்போகாமல் இருக்க, கள்ளி விளையாத ஊராகப் பார்த்துப் பன்னிரண்டு முழங்கால் நானே தேடித் தருகிறேன், பழைய டிரைவர்களுக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவளுக்கு இன்னொரு பெட்டி கொண்டு வா. பதினேழாம் பெட்டி வெறும் மாவு என்று உன் ஏட்டில் இருந்தால், அதை அவளிடம் மட்டும் சொல்லாதே. அதே மாவையே கொண்டு வா.