எம்.பி.ஏ. படிப்பும் எங்கள் கடையின் பின்கதவும்

பதுளை,
வெள்ளிக்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் சிதம்பரநாதன் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீங்களும் சந்திரகாந்தி அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலிக்கு உங்கள் தங்கை லீலா எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள். யாராவது கொழும்புக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறோம். போனில் பேசாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். நான் போனை எடுத்தால் உங்கள் தங்கை ஒரு பக்கமும் உங்கள் மருமகள் மறுபக்கமும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். விஷயமே மருமகளைப் பற்றியது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகள் நிவேதிகாவுக்குக் கொழும்பில் ஒரு வேலை வேண்டும். வங்கியோ, காப்புறுதியோ, கப்பல் கம்பனியோ, எதுவானாலும் சரி. நீங்கள் வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நாலு பேரைத் தெரியும். அவளை எம்.பி.ஏ. படிக்கவைக்கச் சொன்னதும் நீங்கள்தான். படித்து முடித்தால் கடையை அவளே பார்த்துக்கொள்வாள் என்றீர்கள். முடிப்பதற்குள்ளேயே பார்க்கத் தொடங்கிவிட்டாள். சனியும் ஞாயிறும் மேல்மாடியில் கம்ப்யூட்டரில் வகுப்பு. திங்கட்கிழமை கடையைத் திறந்தால் அந்தப் பாடம் எங்கள் தலையில். இப்படியே போனால் எனக்குப் பாத்திரக்கடையும் மிஞ்சாது, பக்கத்துப் பாத்திரக்கடை இன்ஸாபின் சிநேகமும் மிஞ்சாது.

எம்.பி.ஏ. என்றால் கணக்குப் படிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். கணக்கும் இருக்கிறதாம், ஆனால் அது பல பாடங்களில் ஒன்று. முதலில் வந்தது நிறுவன நடத்தை. நிறுவனம் எப்படியம்மா நடந்துகொள்ளும் என்று கேட்டேன். அதற்குள் இருக்கிற மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படிப்பதாம். யாருக்குக் கீழே யார் என்று பெட்டி பெட்டியாகக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினாள். விற்பனைக்கு நிற்கிற கிரிஷாந்தன் எனக்குக் கீழே, அது சரி. எனக்கு மேலே லீலா. லீலா கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பதே தீபாவளிக்குத்தான். இது என்ன அநியாயம் என்றேன். "கடையில எடுக்கிற முடிவையெல்லாம் வீட்டுக்குப் போய்ட்டு வந்து மாத்துறீங்கதானே அப்பா" என்றாள். கிரிஷாந்தன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், முதுகு குலுங்கியது. தலைமைத்துவப் பாணிகள் என்று இன்னொன்றும் அதிலேயே வந்தது. என்னுடைய பாணி என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது சந்தைப்படுத்தல். வருகிறவர்களிடம் ஏன் இந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று விசாரிக்கவேண்டுமாம். ஸ்பிரிங்வெளி தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மழைக்கு ஒதுங்கினேன் என்று பதில் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவளோ அவரையும் ஒரு வாடிக்கையாளர் பிரிவாக எடுத்துக்கொண்டு, வாசலில் உட்கார ஒரு வாங்கைப் போட்டுவிட்டாள். இப்போது பின்னேர மழைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கவேண்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் வாசலில்தான். அவர்களில் சிலர் தேயிலை வடிகட்டியும் தட்டும் வாங்கிப்போனார்கள் என்பதால் அதைப்பற்றி நான் முறைப்பாடு செய்யவில்லை.

என் முறைப்பாடு செயற்பாட்டு முகாமைத்துவம் என்ற பாடத்தைப் பற்றியது. அதற்கு முன் எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். வாடிக்கையாளர் கேட்கிற சாமான் கடையில் இல்லாவிட்டால், இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டோம். "இருக்கு, உக்காருங்க" என்று சொல்லி பிளேன்டீ கொடுப்போம். அவர் குடித்து முடிப்பதற்குள் கிரிஷாந்தன் பின்கதவால் போய் இன்ஸாபின் கடையிலிருந்து சாமானை எடுத்து வந்துவிடுவான். இன்ஸாபிடம் இல்லாதது அதே வழியாக எங்களிடமிருந்து போகும். முன்பக்கம் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் பரம்பரைப் போட்டிக்காரர்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது. யாரும் வாயால் சொல்லிக்கொள்வதில்லை, பெற்ற பிள்ளையிடம்கூட.

நான் வெலிமடைக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்த அன்று, இவள் அந்தப் பாடத்தின்படி வீணாகக் கிடக்கிற இடத்தைப் பயன்படுத்துவதாக நினைத்து, அந்தப் பின்கதவுக்குக் குறுக்கே ஒரு இரும்பு ராக்கையை நிறுத்தி, பிரஷர் குக்கர்களைக் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. கதவு என் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலையில் ரிஷி என்ற பையன் சொந்தபந்தங்களோடு வந்தான். தங்கச்சி கல்யாணத்துக்குப் பெரிய அண்டா வேண்டுமாம். பெரிய அண்டா எங்கள் கடையில் ஒருநாளும் இருந்ததில்லை. இருக்கு, உட்காருங்கள் என்றேன். பின்னால் போன கிரிஷாந்தன் முகம் வெளிறித் திரும்பி வந்தான். எப்படியாவது கொண்டுவா என்று கண்ணைக் காட்டினேன். அவன் முன்வாசலால் இறங்கி, எல்லாரும் பார்க்க இன்ஸாபின் கடைக்குள் போய், அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பட்டப்பகலில் திரும்பி வந்தான். ரிஷியின் மாமா கோபப்படவில்லை. அது அந்தக் கடையிலிருந்துதானே வருகிறது என்று மரியாதையாகவே கேட்டார். அவருக்கு இன்னொரு பிளேன்டீ கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றி சொல்லி எல்லாருமாக எழுந்து இன்ஸாபின் கடைக்கே போய்விட்டார்கள்.

அங்கே போய் அண்டாவோடு இட்லிச் சட்டியும் கேட்டிருக்கிறார்கள். இட்லிச் சட்டி இருப்பது என்னிடம். இன்ஸாப் வழக்கப்படி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தன் கடைப் பையன் றில்வானைப் பின்னால் அனுப்பியிருக்கிறார். றில்வான் எங்கள் பின்கதவைத் தள்ளினான். நகரவில்லை. மழைக்குப் பலகை ஊறிவிட்டது என்று நினைத்து, எட்டப் போய் ஓடி வந்து தோளால் மோதினான். ராக்கை சாய்ந்து அத்தனை குக்கரும் கடை முழுக்க உருண்டன. சத்தம் கேட்டு ரிஷியின் ஆட்களும் ஓடி வந்தார்கள். குக்கர்களுக்கு நடுவே எழுந்து நின்ற றில்வான், அவர்கள் பார்க்கப் பார்க்க, "மொதலாளி, இட்லிச் சட்டி ஒன்னு வேணுமாம்" என்றான். கல்யாண வீட்டார் இரண்டு கடையும் வேண்டாம் என்று பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போய்விட்டார்கள்.

இதோடு விட்டாளா என்றால் இல்லை. அடுத்த வாரம் மூலோபாய முகாமைத்துவம், அதாவது போட்டிக்காரரை ஆராய்கிற பாடம். நேரே இன்ஸாபிடம் போய், உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். அவர், "பலவீனம் ஒங்க அப்பாதான் மகள். அவர் ஒன்னு கேட்டா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது" என்றாராம். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவர் பின்னேரத் தேநீருக்கு என்னிடம் வரவில்லை. மச்சான், எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நேற்று வந்தார். பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் இந்த இரண்டு கடைக்கும் அவள் கெட்டித்தனம் தாங்காது, கொழும்பில் ஒரு வேலை பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

ஆகவே இதைத் தட்டாமல் செய்துதரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் உங்கள் வீட்டில் தங்கினால் எங்களுக்கும் நிம்மதி. உங்கள் வீட்டில் இன்னும் எந்தப் பாடத்தையும் அவள் செய்து பார்க்கவில்லை. அக்காவுக்கு என் வணக்கம். கதிர்காமத்தான் உங்கள் முழங்காலையும் எங்கள் கடையையும் காப்பாற்றட்டும்.

அன்புடன்,
குமாரசிங்கம்

பி.கு.: ஒட்டி வைத்த கடிதத்தைப் பிரித்து ஞாயிற்றுக்கிழமை இதை எழுதுகிறேன். கடைசிப் பாடம் மனிதவள முகாமைத்துவம். எந்த ஆள் தேவை, எந்த ஆள் மேலதிகம் என்று பார்க்கிற பாடம். காலையில் கீழே இறங்கி வந்தாள். "கடை சரியாத்தான் நடக்குது அப்பா. ஒரு ஆள்தான் கூட. அது நான்" என்றாள். கொழும்பில் ஒரு கம்பனிக்குத் தானே எழுதிப் போட்டு வேலையும் எடுத்துவிட்டாளாம், வருகிற மாதம் புறப்படுகிறாளாம். உங்கள் தங்கைக்கு எல்லாம் முதலே தெரியும், பெட்டியும் அடுக்கியாகிவிட்டது. மச்சான், மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். அவளை எப்படியாவது நிறுத்துங்கள். கொழும்பு வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லுங்கள், அந்தக் கம்பனி சரியில்லை என்று சொல்லுங்கள். மற்றப் பாடமெல்லாம் எப்படியோ, இந்த ஒரு பாடம் தப்பு என்று படித்தவர் நீங்கள் சொன்னால் கேட்பாள். அதற்கும் மசியாவிட்டால், அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று சொல்லுங்கள். லீலா நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். சாப்பிடாமல் கிடப்பது யார் என்று மகளுக்கே தெரியும்.