சட்டக் கல்லூரியில் சேர ஓர் அநீதி வேண்டும்

வெள்ளானூர், ஆவடி வழி.
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதியது.

அன்புள்ள மச்சான் மேக்ஸ்வெல்லுக்கு,

ஆரோக்கியசாமி அத்தான் எழுதும் மடல். இயேசுவுக்குப் புகழ். நானும் உன் அக்கா செலினும் உன் மருமகள் ரோஷினியும் உடம்பைப் பொறுத்தவரை சுகம். திண்டுக்கல்லில் நீயும் தங்கச்சியும் மகள் ஸ்வீட்லினும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். குடும்ப வாட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் ரோஷினி மறுப்புரை எழுதுகிறாள். போனில் பேசினால் பக்கத்தில் நின்று குறுக்கு விசாரணை செய்கிறாள். எதிர்த்தரப்பு நுழையாமல் நான் பேசுவதற்கு இனித் தபால் ஒன்றுதான் மிச்சம்.

ஸ்வீட்லினையும் பெரிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க ஆசை, ப்ளஸ் டூவை உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும், வழி சொல்லுங்கள் அத்தான் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். சட்டம் படிக்கச் சட்டத்தில் ஆர்வம் வேண்டும் என்றுதான் உன்னைப்போல் நானும் நினைத்திருந்தேன். அம்பத்தூரில் டயர் கடைக்கு மேல்மாடியில் கிருபாகரன் என்று ஓர் ஆலோசகர் இருக்கிறார். அவர்தான் கண்ணைத் திறந்தார். "சார், மார்க்கு எல்லாரும் வெச்சிருக்காங்க. நுழைவுத் தேர்வு காலேஜ் கேட் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும். அப்புறம் கட்டுரை, இன்டர்வியூ. உங்க பொண்ணுகிட்ட என்ன கதை இருக்கு?" என்று கேட்டார். எங்களிடம் கதை எதுவும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பள்ளி வேனில் போய், பள்ளி வேனில் வந்த பெண் அவள். "குடும்பத்துல ஏதாவது கஷ்டம்?" என்று கேட்டார். "இவரக் கட்டிக்கிட்டது எனக்குக் கஷ்டம். அத அவ எழுதலாமா?" என்றாள் உன் அக்கா. அந்த மனிதர் சிரிக்காமல் அதைக் குறித்துக்கொண்டார்.

முதலில் தலைமைப் பண்பு வேண்டும் என்றார். வெள்ளானூரில் ஒரு பெண்ணின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரே தலைமை, எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் பதவி. கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அதில் நான்தான் இருந்தேன். மகளுக்காக விட்டுக்கொடுக்க முடிவு செய்தேன். சும்மா கொடுத்தால் கட்டுரையில் எடுபடாது, தேர்தலில் தோற்க வேண்டும் என்றார் கிருபாகரன். சரி, நாலைந்து ஓட்டில் கௌரவமாகத் தோற்கலாம் என்று நின்றேன். ரோஷினி வீடு வீடாகப் போய், பழுதான போர்வெல், ஒழுகும் தொட்டி, என் பேச்சின் நீளம் என்று ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு விளக்கினாள். வீட்டுக்கு ஓர் ஓட்டு. எங்கள் வீட்டு ஓட்டைப் போட்டவள் செலின். எனக்கு ஓட்டே விழவில்லை.

பதவியோடு போய் நின்றால் கிருபாகரன் உதட்டைப் பிதுக்கினார். "லீடர்ஷிப் ஓகே சார். ஆனா இந்தப் பின்கோடுலயே அஞ்சாறு பசங்க அசோசியேஷன் செகரெட்டரி ஆயிட்டாங்க. இப்ப ஒரு அநீதி வேணும். பாப்பா அதை நேர்ல பாத்திருக்கணும்." அநீதி தேடி ரோஷினி குத்தம்பாக்கம் வரை போனாள், சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்த. ஊர்க்காரர்கள் பட்டா மாற்றுவது எப்படி என்று கேட்டார்கள். இவள் அரசியலமைப்பின் முகப்புரையைச் சொன்னாள். வெயிலில் வந்த பிள்ளை என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனம் நொந்து வீடு திரும்பியவள், மூன்றாவது மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அஞ்சலையைப் பார்த்தாள். நம் வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு பெருக்குகிறவள். நாலாவது மாடிக்குத் தினமும் படியேறித்தான் வருவாள், ஏனென்றால் வீட்டு வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று கீழே பலகை மாட்டியிருக்கிறது. "கண்டுபிடிச்சிட்டேன்பா!" என்று ரோஷினி ஓடி வந்தாள். அஞ்சலைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அந்த மகிழ்ச்சியில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பலகையை எழுதியவன் நான். ஐந்தாவது மாடி சுப்பராயன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், வாளியும் துடைப்பமும் லிஃப்டில் வருவது தமக்கு ஒவ்வவில்லை என்று புகார் கொடுத்ததால் எழுதினேன். 'தயவுசெய்து' என்றுதான் தொடங்கியிருந்தேன். ரோஷினியின் கட்டுரையில் அந்தத் 'தயவுசெய்து' வரவில்லை. நான் வந்திருந்தேன், 'இரக்கமற்ற நிர்வாகம்' என்ற பெயரில். படித்துவிட்டு உன் அக்கா கண் கலங்கினாள், அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள் பிள்ளை.

ஒன்றைச் சொல்ல வேண்டும் மச்சான். அன்றைக்கே பலகையைக் கழற்றிவிடலாம் என்று சொன்னவள் ரோஷினிதான். செயலாளர் அவள்தானே, ஒரு கையெழுத்துப் போதும். கிருபாகரனிடம் போனில் சொன்னோம். பதறிவிட்டார். "ஐயோ, கழட்டிடாதீங்க! அநீதி இருந்தாத்தான் சார் அது போராட்டம். சரி பண்ணிட்டா அது மெயின்டனன்ஸ். இன்டர்வியூல, இப்ப என்ன நிலைமைன்னு கேப்பாங்க. அட்மிஷன் முடியட்டும்."

அஞ்சலையிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

"இன்னா சார் சொல்ற? பாப்பா எனுக்காவத்தான் எழுதிகீது, ஆனா நான் லிஃப்ட்டுல ஏறக்கூடாதா?"

"கொஞ்ச நாள்தான் அஞ்சலை. பாப்பாவுக்கு சீட்டு கிடைக்கட்டும்."

"முட்டி வலிக்கிறது எனுக்கு, சீட்டு அதுக்கா? நல்லாக்கீதே உங்க நாயம்! அப்ப காலைல ஒருவாட்டிதான் ஏறுவேன். சாய்ங்காலம் பாத்திரத்த நீயே தேச்சுக்க."

தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் ஆபத்து வந்தது. சுப்பராயன் வீட்டுச் சமையல்கார அம்மா, ஐந்து மாடி ஏற முடியாது என்று நின்றுவிட்டார். இரண்டு நாள் ஓட்டல் சாம்பார் சாப்பிட்டதும் சுப்பராயனுக்கு மனிதநேயம் பிறந்தது. சங்கக் கூட்டத்தில் எழுந்து, எல்லாரும் ஆண்டவன் பிள்ளைகள், பலகையை எடுத்தே ஆக வேண்டும் என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. தலைமை வகித்த ரோஷினியின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, தீர்மானத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்கப்படவில்லை, ஆகவே எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னாள்.

"ஏம்மா, நீதானே இதுக்காகப் போராடறே?" என்றார் சுப்பராயன்.

"ஆமா அங்கிள். அதனாலதான் எல்லாம் முறைப்படி நடக்கணும்ங்கறேன்."

சட்டம் படிக்காமலேயே என் மகள் வழக்கறிஞர் ஆகிவிட்டாள் என்று அன்று எனக்குத் தெரிந்தது. பெருமையா பயமா என்று இன்னும் தெரியவில்லை.

போன செவ்வாய் காலை நேர்காணல், கம்ப்யூட்டரில். எதிரே மூன்று பேராசிரியர்கள், மூவரும் வடக்கே. நானும் செலினும் திரைச்சீலைக்குப் பின்னால் ஜெபமாலையோடு நின்றோம். நடுவில் இருந்த அம்மா கட்டுரையைப் புகழ்ந்தார். அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்த அஞ்சலை வாசலில் நின்று இரைக்க, இது யார் என்று கேட்டுவிட்டார். ரோஷினி சொன்னாள். பேராசிரியர் நெகிழ்ந்துபோய், அவரிடமே கேட்கலாமா, லிஃப்டைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்றார். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்: "பாப்பாக்கு காலேஜுல எடம் கெடச்சாத்தான் எனுக்கு லிஃப்ட்டுன்றாங்கம்மா. அதுவரிக்கும் நான் படிலதான் ஏறணுமாம். சீக்கிரம் எடத்தக் குட்த்துட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்."

மூவருக்கும் தமிழ் தெரியாது. ரோஷினி இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள்: எங்களைப் போன்ற பெண்கள் சட்டக் கல்லூரிக்குள் நுழையும் வரை, தன்னைப் போன்றவர்களுக்குக் கதவு திறக்காது என்கிறார். மூவரும் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நானும் யோசித்துப் பார்த்தேன் மச்சான், அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "இன்னா பாப்பா, நான் சொன்னத சரியாத்தான சொன்ன?" என்று, திரை அணைந்ததும் அஞ்சலை கேட்டாள். ரோஷினி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் உனக்கு நான் சொல்லும் யோசனைக்கு முடிவு தேவையில்லை. ஸ்வீட்லினை இதில் விடாதே. ப்ளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்த்துக்கொள்ளும் அரசு சட்டக் கல்லூரிகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன, அங்கே போடு. இல்லை, பிள்ளைக்குப் பிடித்த வேறு எதையாவது படிக்கட்டும். அடுத்தவர் முட்டியில் ஏறி எட்டும் சீட்டு நம் குடும்பத்துக்கு வேண்டாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அடுத்த கூட்டத்தில் பலகையை நானே கழற்றப்போகிறேன். எழுதியவன் நானல்லவா. செலினுக்கும் இதில் முழுச் சம்மதம்.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு. ஸ்வீட்லினுக்கு நெற்றியில் சிலுவை வரைந்து என் ஆசீரைச் சொல். பரிசுத்த ஆவியானவர் உங்கள் மூவருக்கும் நல்ல புத்தியையும், எங்களுக்கு அதில் மிச்சத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
ஆரோக்கியசாமி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மெயில் வந்தது. ரோஷினிக்குச் சீட்டு கிடைத்துவிட்டது! உன் அக்கா அழுகிறாள், கிருபாகரன் மூன்று முறை போன் செய்துவிட்டார். ரோஷினி கையில் ஸ்குரூ டிரைவரோடு பலகையைக் கழற்றக் கீழே ஓடினாள். நான் பின்னாலேயே ஓடிப் பாதி வழியில் பிடித்து நிறுத்திவிட்டேன். மேலே எழுதியதைப் பொருட்படுத்தாதே. ஸ்வீட்லினைத் தாமதிக்காமல் மே மாதமே அனுப்பிவை. அவளுக்காக அந்த விதியை அப்படியே வைத்திருக்கிறோம். அஞ்சலையிடம் மட்டும் நீயே வந்து சொல்லிவிடு, என்னால் முடியாது.