சாம்பலியின் அடை கலைத்த படலம்

வாழ்க அவ்வீரர்! பயிற்சிக் காரின் இரண்டாம் பிரேக்கை இருபத்திரண்டு ஆண்டுகள் ஒற்றைக் காலால் ஆண்ட பெருந்தகை. மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மேலேயும் போகமாட்டாமல் கீழேயும் வரமாட்டாமல் விம்மிய மாணாக்கர் ஆயிரவரைக் கரைசேர்த்த கருணைக்கடல். எதிரே லாரி வந்தபோதும் குரலை உயர்த்தாத குணக்குன்று! ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவர் 'மாஸ்டர்'. மருந்துக்கடை வைத்திருக்கும் மனைவிக்கு 'என்னங்க'. கொல்லைப்புறத்தில் வாழும் நான்கு கோழிகளுக்கோ, தீனித் தட்டோடு நடந்துவரும் இரண்டு கால்கள் மட்டுமே.

அந்நால்வரும் யாரெனில், சினத்தில் சிறந்த கறுப்பி, வேலி தாண்டுவதில் விண்ணவரையும் வென்ற செம்பி, எவர் தட்டிலும் தலைநுழைக்கும் குட்டை, இம்மூவரையும் முறைத்தே அடக்கிய சாம்பலி. சேவல் கிடையாது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கண்விழித்துவிட்டு விடியற்காலையில் வந்து படுப்பவர் என்பதால், சேவலே வளர்ப்பதில்லை என்று மாஸ்டர் மதில்மேல் கைவைத்து வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே அக்கொல்லையில் பிறக்கும் முட்டை எதுவும் குஞ்சாகும் விதி பெற்றதன்று. இந்த உண்மை நர்ஸம்மாவுக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும், சாம்பலிக்கு மட்டும் தெரியாது.

தெரியாததால் அவள் அடைக்கு உட்கார்ந்தாள். முட்டையிட இரண்டு மரப்பெட்டிகள் இருந்தும், இடப்பக்கப் பெட்டியில் ஏறுவதே குலப்பெருமை என்று நால்வரும் கருதியதால், இரண்டாவது பெட்டி புது வைக்கோல் மெத்தையோடு காலமெல்லாம் காலியாகக் கிடந்தது. அந்த இடப்பக்க அரியணையைத்தான் சாம்பலி கைப்பற்றினாள். இறகைப் பரப்பி, உடலைத் தட்டையாக்கி, அடைமாவைத் தட்டிவைத்ததுபோலப் படிந்துவிட்டாள். பத்து நாட்களாகின. நாளுக்கொரு முறை இறங்கி இரண்டு வாய் தண்ணீர் குடித்தவள், எட்டாம் நாளிலிருந்து அதற்கும் இறங்கவில்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைச் சாவியைக் கையில் எடுத்த இல்லத்தரசி, கொல்லைவாசலில் நின்று கொட்டிய முரசம் இது:

"என்னங்க, அது பட்டினி கெடந்து சாகறத என்னால பாக்க முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அது எறங்கித் தீனி தின்னணும். இல்லன்னா தம்பிய வரச்சொல்லியிருக்கேன். தூக்கிட்டுப் போயிடட்டும்."

தம்பி என்பவர் மாஸ்டரின் மைத்துனர். பறப்பன, நடப்பன, நீந்துவன ஆகிய முப்படைகளையும் சட்டியில் சந்தித்து இதுவரை தோல்வி காணாதவர். அவர் கைக்குப் போனால் சாம்பலியின் கதி என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலை ஒன்பது மணிக்குப் போர் மூண்டது. தலையிலே மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், கையிலே அடுப்படியில் சூடு தாங்கும் பஞ்சுக் கையுறை, காலிலே மழைக்காலப் பூட்ஸ் என்று அங்கமெல்லாம் கவசம் பூண்டு, முகில் சூழ்ந்த மலைபோல் மாஸ்டர் கூண்டுக்குள் குனிந்தார். சாம்பலி கழுத்து இறகைச் சிலிர்த்தாள். தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் ஓர் ஒலி எழுப்பினாள். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே அரை விரற்கடை தோல் தெரிந்த அந்த ஒரே இடத்தைத் தேர்ந்து கொத்தினாள். அலறலை அடக்கிக்கொண்டு அவர் அவளை அப்படியே அள்ளி, தீனித் தட்டின் அருகே இறக்கி வைத்தார். ஒரு கையுறையைக் கழற்றி மறு கையுறையைத் தொடுவதற்குள் அவள் பெட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

இரண்டாம் முற்றுகை பதினொரு மணிக்கு. மறுபடியும் இறக்கிவிட்டுப் பெட்டியின் வாயைப் பலகையால் அடைத்தார். சாம்பலி பலகையின் முன்னே படுத்துக்கொண்டாள். அது பாதகமில்லை. ஆனால் அந்நேரம் முட்டையிட வந்த கறுப்பி, தன் பாட்டன் சொத்தைப் பறித்தாற்போலக் கொக்கரிக்கத் தொடங்க, செம்பி அதற்கு ஒத்து ஊத, குட்டை காரணமே அறியாமல் இருவரையும் மிஞ்ச, அண்டம் அதிர, அண்டை வீடு அதிர, தூங்கும் நர்ஸம்மாவை நினைத்து நடுங்கிய மாஸ்டர் ஓடிப்போய்ப் பலகையைப் பிடுங்கினார். கறுப்பி உள்ளே போகத் தலையை நீட்டும்முன் சாம்பலி நுழைந்துவிட்டாள். கறுப்பி வேறு வழியின்றி அவள் முதுகின்மேலேயே ஏறி நின்று முட்டையிட்டுவிட்டுப் போனாள். மாஸ்டர் அந்த முட்டையை எடுத்துக்கொண்டார். எத்தனை இடர் வந்தபோதும் முட்டை எடுக்க அவர் ஒரு நாளும் தவறியதில்லை.

மூன்றாவது, வருணாஸ்திரம். அடைச்சூடு தணிந்தால் அடைப்பித்தும் தணியும் என்று கோழி வளர்ப்போர் சொல்லக் கேட்டிருந்ததால், துணி அலசும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அவளை மார்பளவு இறக்கினார். துடிப்பாள், கதறுவாள், மனம் மாறுவாள் என்று எதிர்பார்த்தார். வெயிலோ நல்ல வெயில். சாம்பலி கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தாள். தெறித்ததில் முழுக்க நனைந்தவர் மாஸ்டர்தான். தூக்கி வெளியே விட்டதும் அவள் சொட்டச் சொட்ட நடந்துபோய்ப் பெட்டியில் ஏறினாள்.

ஆனால் அந்தத் தூக்கலில் அவர் ஒன்றைக் கண்டார். நனைந்து ஒட்டிய இறகுக்குள் உடம்பே இல்லை. பெருத்த கோழி என்று இத்தனை நாள் நினைத்ததெல்லாம் வெறும் இறகு. கொண்டை வெளுத்திருந்தது, மார்பெலும்பு கையில் கத்திபோல் இடறியது. அதுவரை பிடிவாதத்தோடு பொருதுகிறோம் என்று எண்ணியிருந்தவர், கவிழ்த்த வாளியின்மேல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்துவிட்டார். மணி மூன்று. இவளைத் தோற்கடிக்க முடியாது, தான் தோற்றாலோ இவள் இல்லை. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அவ்வேளை மதிலுக்கு அப்பால், தூக்கம் கலைந்த ஒரு தலை உதித்தது.

"அண்ணே, சேவல் வேணாம்னு சொன்னதே தூங்கறதுக்குத்தான். இங்க என்ன கலவரம்?"

"மன்னிச்சுக்கம்மா. அடை கலைக்கறேன். பதினோரு நாளா எறங்கவே மாட்டேங்குது."

"அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லியே. முட்டைய அன்னன்னிக்கே எடுத்துடறேன்."

"ஒண்ணுமில்லாததையா ஒருத்தி பதினோரு நாள் கட்டிக்கிட்டுக் கெடப்பா? கைய விட்டுத் தடவிப் பாருங்கண்ணே."

மாஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு போனார். இரண்டு கொத்து வாங்கிக்கொண்டே அவள் வயிற்றின் கீழ், வைக்கோலின் அடிவரை விரல்விட்டுத் துழாவினார். உருண்டையாக, வழுவழுவென்று, அவள் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தார்.

டேபிள் டென்னிஸ் பந்து.

ஐந்து மாதங்களுக்கு முன், இளங்கோழிகள் நால்வரும் முட்டையிடக் கற்கும் பருவத்தில், 'இடவேண்டிய இடம் இதுவே' என்று காட்டுவதற்காக இதே இடப்பக்கப் பெட்டியில் இதே கைகளால் அவர் வைத்த பாடப்பொருள் அது. மாணாக்கர் தேறிவிட்டனர், ஆசிரியர் பாடப்பொருளை எடுக்க மறந்துவிட்டார். நாள்தோறும் முட்டைகளை எடுத்தபோதும் விரலில் அது பட்டுத்தான் இருக்கிறது. தான் வைத்தது என்பதால் ஒரு நாளும் அது அவருக்கு முட்டையாகத் தோன்றவில்லை. அவளுக்கோ, எடுத்துப்போகப்படாத ஒரே பிள்ளை அது.

மதில்மேல் இருந்த தலை சிரித்தது. "நல்லா பாடம் சொல்லிக்குடுத்தீங்க போங்க!" என்று சொல்லிவிட்டுத் தூக்கத்தைத் தொடர இறங்கிப்போனது.

சாம்பலி எழுந்து நின்றாள். அலகால் வைக்கோலை ஒரு பக்கம் ஒதுக்கினாள், மறு பக்கம் ஒதுக்கினாள், மூலை மூலையாகக் கிளறினாள், மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஐம்பத்தோரு வயதில் அவ்வளவு வெட்கம் அவருக்கு வந்ததில்லை.

"தப்பு என்மேலதாம்மா," என்றார் வாய்விட்டு. காரை ஏற்றி அவர் காலை முறித்த மாணாக்கனிடம்கூட அவர் தணிந்து பேசியிருக்கிறாரே தவிர, யாரிடமும் இப்படிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை.

அவள் உடனே இறங்கிவிடவில்லை. காலியான பெட்டியில் இரண்டு மணி நேரம் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். அவரும் வாளியைவிட்டு நகரவில்லை. ஐந்தரை மணிக்கு, யாருடைய வற்புறுத்தலுமின்றி, ஏதோ தானாக நினைத்துக்கொண்டவள்போல் கீழே குதித்தாள். கால் மரத்துப்போய்த் தள்ளாடினாள். தண்ணீர்க் கிண்ணத்தில் அலகை அமிழ்த்தி வானத்தைப் பார்த்தாள், மறுபடி அமிழ்த்தினாள். பிறகு சோளக் குருணைத் தட்டில் குட்டையை ஓர் இடி இடித்துத் தள்ளிவிட்டுத் தின்னத் தொடங்கினாள். அந்த டொக் டொக் ஒலி மாஸ்டரின் செவியில் வெற்றி முரசாய், வெண்சங்காய், வானோர் பெய்த மலர்மழையாய் விழுந்தது.

ஆறு மணிக்கு மைத்துனர் மூடிபோட்ட கூடையோடு வந்தார்.

"எங்க மாமா நம்ம ஆளு?"

ஈரக் கால்சட்டையும் ஹெல்மெட்டுமாக எழுந்து நின்ற மாஸ்டர், நாடு மீட்ட மன்னரின் குரலில் முழங்கினார்: "தின்னாச்சு! தட்டுல பாதி தின்னாச்சு! நீ கூடைய எடுத்துக்கிட்டுக் கெளம்பு!"

பின்னாலேயே வந்த இல்லத்தரசி தட்டையும் பார்த்தார், கோழியையும் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து கடையில் எடுத்துவந்த சத்துமருந்துச் சொட்டுப்புட்டியை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஐந்து துளி விட்டார். ஆக, அந்தக் கூடை நிரம்ப வேண்டுமென்று அவரும் நினைத்திருக்கவில்லை. மாஸ்டர் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார்.

இவ்வண்ணம், கொத்துண்ட மணிக்கட்டே வீரத்தழும்பாக, ஈரக் கால்சட்டையே வெற்றிக்கொடியாக, மைத்துனரின் வெறுங்கூடையே கப்பமாக, அடைப்பித்து எனும் அசுரனை அடியோடு வேரறுத்து, இனி இக்கொல்லையில் என்றென்றும் அமைதியே தழைக்குமென்று திசையெட்டும் அறிய எண்ணியபடி அப்பெருவீரர் கூண்டுக் கதவைத் தாழிட்டு உள்ளே சென்றார்.

மறுநாள் காலையில் கறுப்பி அடைக்கு உட்கார்ந்தாள்.