மரியாதைக் குழுவின் மகத்தான தீர்மானம்

மரியாதை என்ற ஒன்று இந்த உலகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அது எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில்தான் இருக்கிறது. துணைத் தலைமையாசிரியர் என்ற முறையில் இதை நான் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவன். அமைதியானவன், கணக்கில் கெட்டி. அவன் மேசையில் யாரோ சாக்பீஸால் ஒரு சொல்லை எழுதிவிட்டார்கள். ஆண்களை விரும்பும் ஆண்களைக் கேவலப்படுத்துகிற சொல். தமிழ் டீச்சர் லட்சணமாக அதை அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கியிருக்கலாம். அவரோ புத்தகத்தை மூடினார்.

“எதுக்குடா இத எழுதினீங்க?”

“சும்மா தமாஷ் மிஸ்,” என்றது கடைசி வரிசை.

“யாருக்குத் தமாஷ்? அவன் சிரிச்சானா?”

பிறகு ஒரு மாணவி எழுந்தாளாம். “எங்க சித்தப்பாவும் ஆம்பளையத்தான் விரும்புறாரு மிஸ். அவரு போன் பண்ணா எங்க வீட்ல யாரும் எடுக்க மாட்டாங்க. நான் மட்டும் எடுப்பேன்.”

மணி அடித்தும் ஒருவரும் எழுந்து ஓடவில்லையாம். எவ்வளவு பெரிய ஒழுங்கீனம்!

மறுநாளே ‘வகுப்பறை மரியாதைக் குழு’ கூடியது.

“அந்த மாதிரி விஷயமெல்லாம் கிளாஸ்ல எதுக்கு டீச்சர்?” என்றார் தலைமையாசிரியர்.

“எந்த மாதிரி சார்?”

“அதான்... அந்த மாதிரி.”

“நம்மளது மாதிரிப் பள்ளி!” என்று உறுமினார் விளையாட்டு ஆசிரியர். “அந்த மாதிரிப் பள்ளி இல்ல!”

டீச்சர் விடவில்லை. “பையன் ஒடிஞ்சு போயிருக்கான் சார். அவனுக்காக யாராவது பேச வேண்டாமா?”

“பேசுங்க. ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை குடுத்துப் பேசுங்க. திட்டுறவங்க மனசும் புண்படக் கூடாதில்ல?” என்றார் தலைமையாசிரியர்.

இந்த நடுநிலையைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அந்தச் சொல்லைப் பள்ளி வளாகத்துக்குள் எவரும், எக்காரணம் கொண்டும் உச்சரிக்கக் கூடாது. எந்தச் சொல் என்று எழுதுவது அநாகரிகம் என்பதால் அந்த இடம் மட்டும் காலியாக விடப்பட்டது. விளக்குவதும் உச்சரிப்பதற்குச் சமமே என்பதால் டீச்சர் நூலகத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே யாரும் பேசக் கூடாது என்பது ஏற்கெனவே விதி.

அடுத்த வாரம் அந்த மாணவன் என் அறைக்கு வந்தான். தோளில் பை இல்லை. அதை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான்.

“சார், திரும்பவும் எழுதிட்டாங்க. இந்தத் தடவ என் பை மேல. அழிய மாட்டேங்குது.”

“என்னன்னு எழுதியிருக்காங்க தம்பி?”

பையைத் திருப்பிக் காட்டினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்டதையும் வாசிக்கிற பழக்கம் எனக்கில்லை.

“புகார்னா தெளிவா இருக்கணும்ப்பா. வாயால சொல்லு.”

அவன் தரையைப் பார்த்தான். மெல்ல, மிக மெல்ல, அந்தச் சொல்லைச் சொன்னான்.

தீர்மானத்தின்படி முதல் நடவடிக்கை எடுக்கும் பாக்கியம் எனக்கே வாய்த்தது: அவனுக்கு ஒரு வாரம் இடைநீக்கம்.

எழுதியவர்களா? பாவம், அவர்களை எப்படித் தண்டிப்பது? அவர்கள் வாயே திறக்கவில்லையே!